தொட்டிலில் நடக்கும் திருட்டு!



உங்கள் கடையின் பூட்டை உடைத்து, கல்லாவில் இருந்த பத்தாயிரம் ரூபாயை ஒருவன் எடுத்துக் கொண்டு போய் விட்டால் என்ன செய்வீர்கள்? காவல் நிலையத்துக்கு ஓடுவீர்கள். வியாபாரிகள் சங்கத்தைக் கூட்டுவீர்கள். ஒரு வாரம் தூக்கம் வராது.

உங்கள் வீட்டுத் தொட்டிலிலும் ஒரு திருட்டு நடக்கிறது. அங்கே திருடு போவது பணம் அல்ல. உங்கள் பிள்ளையின் உயரம் திருடு போகிறது. அவனுடைய அறிவு திருடு போகிறது. இருபத்தைந்து வருடம் கழித்து அவன் சம்பாதிக்கப் போகும் வருமானம் இன்றே திருடு போகிறது. இந்தத் திருடனுக்கு நீங்களே கதவைத் திறந்து விடுகிறீர்கள். கையில் காசும் கொடுக்கிறீர்கள். ரசீதும் வாங்கிக் கொள்கிறீர்கள்!

பால்மாவு டின்னைப் பற்றித் தான் சொல்கிறேன். "இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம். ஒரு மவ்லவிக்கு இதில் என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது பெண்கள் சமாச்சாரம் அல்ல. ஆண்களாகிய நாம் செய்கிற தவறு. எப்படி என்பதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டு வருடக் கணக்கு

பிறக்கும் போது ஒரு குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை தான். ஒரு வயது முடிவதற்குள் அது இரண்டு மடங்குக்கு மேல் பெருத்து விடுகிறது. இரண்டு வயது முடியும் போது முக்கால் பங்கு வேலை முடிந்து விடுகிறது. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆக வேண்டும். 50 சென்டிமீட்டர் நீளம் 75 சென்டிமீட்டர் ஆக வேண்டும். ஒரு மனிதன் தன் ஆயுளில் இந்த வேகத்தில் மறுபடியும் வளரவே மாட்டான்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அஸ்திவாரத்தில் சிமெண்டைக் குறைத்து விட்டு, மேல் மாடிக்கு மார்பிள் ஒட்டினால் அந்த வீடு நிற்குமா? நாம் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் தேடுகிறோம். டியூஷன் வைக்கிறோம். கல்லூரியில் இடம் கேட்டு அலைகிறோம். எல்லாம் மார்பிள்! அஸ்திவாரம் போட வேண்டிய முதல் இரண்டு வருடத்தில் என்ன செய்தோம் என்று யாராவது கேட்டோமா?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 35 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 100ல் 67 பேர் ரத்தச் சோகை பிடித்தவர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தவர்கள் 100ல் 42 பேர் தான். இது ஏதோ ஒரு மதத்தின் கணக்கு அல்ல, நாட்டின் கணக்கு. அதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வியாபாரிகளுக்குப் புரிகிற சாட்சி

"உயரம் கொஞ்சம் குறைந்தால் என்ன குடியா முழுகிப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு லாப நஷ்டக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

மத்திய அமெரிக்காவில் குவாட்டமாலா என்று ஒரு நாடு. 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமத்தாருக்குப் புரதச் சத்து நிறைந்த கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டு கிராமத்தாருக்குப் புரதம் இல்லாத இனிப்புப் பானம் கொடுத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு வயது வரை கஞ்சி கிடைத்த ஆண் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு, ஒரு மணி நேர உழைப்புக்கு மற்றவர்களை விட 46 சதவீதம் அதிகக் கூலி வாங்கினார்கள்! அதே கஞ்சியை மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. சரக்கை எந்தப் பருவத்தில் போட வேண்டும் என்பது வியாபாரிக்குத் தெரியாதா? பெருநாள் முடிந்த பிறகு கடையில் பெருநாள் துணி அடுக்கி என்ன பயன்?

இன்னொரு சாட்சி பிரேசில் நாட்டின் பெலோட்டாஸ் நகரம். 1982ல் அங்கே பிறந்த குழந்தைகளை முப்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 3,500 பேரைச் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடமும் அதற்கு மேலும் தாய்ப்பால் குடித்தவர்களுக்கு, ஒரு மாதம் கூடக் குடிக்காதவர்களை விட அறிவுத்திறன் சோதனையில் நான்கு புள்ளிக்குச் சற்றுக் குறைவாக உயர்வு இருந்தது. படிப்பு ஏறக்குறைய ஒரு வருடம் அதிகம். மாத வருமானமும் அதிகம். "பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அப்படித் தான் இருப்பார்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த ஊரில் ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாத் தரப்புத் தாய்மார்களும் பாலூட்டினார்கள்.

டின் பால் குடித்து வளர்ந்தவர்கள் எல்லாம் மந்த புத்திக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஒரு பிள்ளையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும் போது தான் நஷ்டம் தெரியும். ஒரு சமுதாயம் என்பது ஆயிரமாயிரம் பிள்ளைகள் தானே!

நர்ஸ் வேடம் போட்ட வியாபாரம்

இந்தத் திருட்டு நேற்று தொடங்கியதல்ல. 1939ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தார். தலைப்பு: 'பாலும் கொலையும்'. சர்க்கரை கலந்த டின் பாலைக் குழந்தைகளுக்கு உகந்தது என்று சொல்லி விற்கிறார்களே, அதனால் குழந்தைகள் சாகிறார்களே, இதைக் கொலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டார். பெரிய மனிதர்கள் கேட்டுக் கொண்டிருந்தார்கள். வியாபாரம் நிற்கவில்லை.

பிறகு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பெண்களுக்கு நர்ஸ் போல வெள்ளை உடை மாட்டி, பிரசவ வார்டுகளுக்கு அனுப்பினார்கள் கம்பெனிக்காரர்கள். பிரசவித்த தாயின் கையில் இலவச டின்! அது தீர்வதற்குள் தாயின் மார்பில் பால் வற்றி விடும். அதற்குப் பிறகு காசு கொடுத்துத் தான் வாங்க வேண்டும். ஏழை என்ன செய்வாள்? ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டுத் தண்ணீரைக் கூட்டுவாள். அந்தத் தண்ணீரும் சுத்தம் இல்லை. வயிற்றுப்போக்கு, அதற்கடுத்து கப்ர்!

1977ல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனிக்கு எதிராகப் புறக்கணிப்புப் போராட்டம் வெடித்தது. 1981 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் சபையில் பால்மாவு விற்பனைக்கு விதிமுறைகள் கொண்டு வந்தார்கள். 118 நாடுகள் ஆதரித்தன. மூன்று நாடுகள் ஒதுங்கிக் கொண்டன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா! குழந்தையின் உயிரா, கம்பெனியின் லாபமா என்று வந்த போது அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் மூத்த மகன் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையில் பிறந்தான். நான் வெளியூரில் பயான் முடித்து விட்டு ஓடி வந்தேன். "அம்மாவுக்குப் பால் வரவில்லை, பிள்ளை அழுகிறது" என்று சொல்லி நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் மருந்தின் பெயர் இல்லை. டின்னின் பெயர் இருந்தது. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஓடிப் போய் வாங்கி வந்தேன். விலை அதிகமாக இருந்ததால் நல்ல பொருளாகத் தான் இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்!

பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பால் போதும் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளை சப்பினால் தான் பால் ஊறும் என்பதும் தெரியாது. கடையில் சரக்கு போகப் போகத் தானே மொத்த வியாபாரி அனுப்புவார்? நீங்கள் வேறு இடத்தில் கொள்முதல் செய்தால் அவர் ஏன் அனுப்பப் போகிறார்? தாயின் மார்பும் அப்படித் தான். டின் பால் குடித்துத் தூங்கிய பிள்ளை மார்பைத் தேடவில்லை. மூன்றே மாதத்தில் என் மனைவிக்குப் பால் நின்று விட்டது. அவர் மறைவாக அழுததை நான் பார்த்தேன். "உனக்குப் பால் பத்தவில்லை" என்று பழியையும் அவர் மீதே போட்டேன்.

அல்பகரா அத்தியாயத்தின் 233வது வசனத்தை மதரஸாவில் எத்தனை முறை ஓதியிருப்பேன்! மாணவர்களுக்கு விளக்கம் கூடச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுத் தொட்டிலுக்கு அது எட்டவில்லை.

அந்த வசனம் யாரைப் பார்த்துப் பேசுகிறது?

பாலூட்டலை முழுமையாக்க விரும்பினால் இரண்டு ஆண்டுகள் என்று அந்த வசனம் சொல்வது எல்லோருக்கும் தெரியும். அத்துடன் நிறுத்தி விடுகிறோம். அடுத்த வரியைப் படித்தீர்களா? பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுக்கும் பொறுப்பைத் தகப்பன் தலையில் அந்த வசனம் வைக்கிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. பால்குடியை நிறுத்துவதாக இருந்தாலும் இருவரும் கலந்து பேசி, இருவரும் சம்மதித்துத் தான் நிறுத்த வேண்டும் என்கிறது. வேறொரு தாயிடம் பாலூட்டக் கொடுப்பதற்கும் வழி சொல்கிறது. பாலூட்டுவது பெண், பொறுப்பு ஆணுக்கும் உண்டு!

நாம் என்ன செய்கிறோம்? பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று சொல்லிக் கீரை கூடாது, காய் கூடாது, தண்ணீர் கூடக் கூடாது என்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாலூட்டும் தாய்க்கு நோன்பில் சலுகை தந்திருக்க, நாம் அவளை ஜாடை பேசி நோன்பு வைக்க வைக்கிறோம். இறைவன் முதல் தடுப்பு மருந்தாகத் தந்த சீம்பாலைப் 'பழைய பால்' என்று பீய்ச்சிக் கீழே கொட்டுகிறோம். சேனை என்று சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் என்று வாயில் ஊற்றுகிறோம். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தையின் குடல் அதற்குத் தயாராக இல்லை. அதில் இருக்கும் ஒரு வகைக் கிருமி பச்சிளங்குழந்தையை முடக்கி விடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பெரியவருக்கு மருந்தாகும் பொருள் எல்லாம் குழந்தைக்கு மருந்தாகி விடுமா?

வளைகுடாவில் வேலை பார்க்கும் சகோதரர்களே! நீங்கள் ஊருக்கு வரும் போது பெட்டியில் முதலில் வைப்பது பால்மாவு டின் தானே? பாசம் தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு உங்கள் மனைவிக்குத் தினமும் முட்டையும் மீனும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு அதை விடப் பெரிய பாசம் வேறில்லை.

மருத்துவக் காரணத்தால் பாலூட்ட முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள். தாயை இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள். மருத்துவர் சொன்னால், அளவு குறையாமல், கொதிக்க வைத்த தண்ணீரில் கலந்து கொடுக்கட்டும். அவர்களைக் குத்திக் காட்ட எவருக்கும் உரிமை இல்லை. என் கோபம் தாய்மார்கள் மீதல்ல. தேவையில்லாத வீட்டில் டின்னைத் திணிப்பவர்கள் மீது தான்.

கடைக்காரச் சகோதரரே, உங்களிடம் தான்!

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1992ல் நிறைவேறி, 1993 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்து, 2003ல் மேலும் கடுமையாக்கப்பட்ட சட்டம். இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, டின் உணவு, பால் புட்டி எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது. சாம்பிள் கொடுக்கக் கூடாது. டின் வாங்கினால் கிண்ணம் இலவசம், பொம்மை இலவசம் என்று ஆசை காட்டக் கூடாது. டின் மீது குழந்தை படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. இது கம்பெனிக்கு மட்டும் போட்ட தடை அல்ல. எவரும் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை என்று தண்டனையும் அதில் எழுதப்பட்டது.

விற்பது ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. தேவைப்பட்டவர் கேட்டால் கொடுங்கள். ஆனால் கண்ணில் படும்படி அடுக்கி வைத்து, "இது தான் பாய் இப்ப எல்லாரும் வாங்குறாங்க" என்று புது மாப்பிள்ளையின் தலையில் கட்டுகிறீர்களே, அது என்ன வியாபாரம்? எடையில் மோசடி செய்பவருக்கு வரும் கேடு பற்றி இமாம் ஓதும் போது தலையைக் குனிந்து கேட்கிறீர்கள். ஒரு குழந்தையின் வளர்ச்சியில் எடை குறைப்பது மோசடி இல்லையா?

ஆறு மாதத்துக்குப் பிறகு

தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது ஆறு மாதம் வரை தான். தாயின் வயிற்றிலிருந்து கொண்டு வந்த இரும்புச் சத்து அதற்குள் தீரத் தொடங்கி விடும். பாலோடு சேர்த்துச் சோறு கொடுக்கத் தொடங்க வேண்டும். இங்கே தான் நம் வீடுகளில் அடுத்த கோட்டை விடுகிறோம். அதே கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் உள்ள 100 குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது வெறும் 11 பேருக்கு!

டீயில் நனைத்த பிஸ்கட்டை ஊட்டி விட்டு, "பிள்ளை சாப்பிட்டு விட்டான்" என்கிறோம். டீ உணவில் உள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேர விடாது. கோஸ்டா ரிக்கா நாட்டில், கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புச் சத்துக் குறைவு இருந்த பிள்ளைகளை வாலிப வயது வரை கவனித்தார்கள். மருந்து கொடுத்து ரத்தம் சரியான பிறகும் அறிவுச் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியே நின்றார்கள். காலம் கடந்து அடைக்கிற கடனுக்கு வட்டி இது!

டப்பா உணவு தான் சத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. நெஸ்லேயின் செரிலாக் இந்தியாவில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்த்து விற்கப்பட்டது. அதே கம்பெனி தன் சொந்த நாட்டில் விற்ற இத்தகைய குழந்தை உணவில் சர்க்கரை சேர்க்கவில்லை! செய்தி வெளியாகி நாடே பேசிய பிறகு, சர்க்கரை சேர்க்காத வகைகளை இந்தியாவுக்கும் கொண்டு வருவதாக அதே ஆண்டில் கம்பெனி அறிவித்தது. கேட்கிறவன் இருந்தால் தான் கொடுப்பார்கள் என்பதற்கு இதை விட ஆதாரம் வேண்டுமா?

குழைத்த சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய், அவித்த முட்டை, முள் எடுத்த மீன், முருங்கைக் கீரை, மசித்த ஆட்டு ஈரல் ஆகியவை போதும். குர்பானி ஈரலைப் பொரித்து நாம் தின்று விட்டு, பிள்ளைக்கு பிஸ்கட்டை நீட்டுகிறோம். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவை, இலவசமாக வந்தது என்பதற்காகவே மட்டமாக நினைத்து ஆட்டுக்குப் போடுகிறோம். ஆடு கொழுக்கிறது, பிள்ளை மெலிகிறான்!

மதீனாவில் அழுத குழந்தை

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சி இது. மதீனாவில் ஒரு வணிகக் கூட்டம் வந்து தங்கியது. அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) இரவில் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. விசாரித்தார்கள். தாய்க்குத் தன்னிடம் பேசுவது யார் என்று தெரியாது. "பால் மறந்த பிள்ளைக்குத் தானே உமர் உதவித்தொகை கொடுக்கிறார்? அதனால் சீக்கிரமே பால் மறக்கடிக்கிறேன்" என்ற கருத்தில் பதில் சொன்னாள். அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) ஓதியது அழுகையில் மக்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தொழுது முடித்ததும் அறிவித்தார்கள்: அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதீர்கள், இனி பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு!

ஓர் ஆட்சியாளர் தன் சட்டம் தொட்டிலில் என்ன செய்கிறது என்று இருட்டில் நின்று கேட்டார். கேட்டதும் சட்டத்தைத் திருத்தினார். இன்று? 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரசவ காலத்தில் தாய்க்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடு என்றது. 2017ல் மத்திய அரசு கொண்டு வந்த திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்றது. சட்டம் சொன்னதைத் திட்டம் குறைத்து விட்டது. அதே 2017ல் 26 வாரச் சம்பள விடுப்பு சட்டமானது. ஆனால் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்க்கு அது எட்டவில்லை. அவள் எப்படி ஆறு மாதம் பாலூட்டுவாள்?

அரசைக் கேட்பதற்கு முன் நம்மையும் கேட்போம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைக்கும் அந்த விடுப்பு பொருந்தும். ஜவுளிக் கடை வைத்திருக்கும் சகோதரரே! உங்களிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதைக் கொடுக்கிறீர்களா? அல்லது கல்யாணம் ஆனதும் கணக்கை முடித்து அனுப்புகிறீர்களா?

இளைஞர்களே!

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். இதைச் செய்யுங்கள்:

1. உங்கள் வீட்டில் பிரசவம் என்றால், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டின் சீட்டை நீட்டினால், "மருத்துவக் காரணம் என்ன?" என்று கேளுங்கள்.

2. பாலூட்டும் உங்கள் மனைவி முதலில் சாப்பிடட்டும். நீங்கள் பிறகு சாப்பிடுங்கள். இரவில் அழும் பிள்ளையை நீங்களும் தூக்குங்கள்.

3. பால்வாடியில் உங்கள் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் மாதம் தவறாமல் பாருங்கள். கல்லாவை தினமும் எண்ணுகிறீர்களே!

4. உங்கள் தெருக் கடையில் டின்னுக்கு இலவசப் பொருள் கொடுத்தால், அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்கா விட்டால் புகார் கொடுங்கள்.

5. ஜமாஅத் நிர்வாகிகளே! வலீமா பந்தலுக்கு ஆயிரக்கணக்கில் செலவாவதைக் கண்டு களிக்கிறீர்கள். உங்கள் மஹல்லாவில் எந்த ஏழைத் தாய் பட்டினியோடு பாலூட்டுகிறாள் என்ற பட்டியல் உங்களிடம் உண்டா? பைத்துல்மாலில் முதல் பங்கு அவளுக்கு இருக்கட்டும்.

என் மூத்த மகனுக்கு நான் இழைத்ததை இனித் திருத்த முடியாது. அவனுக்குப் பிறகு பிறந்த மகளுக்கு அந்த டின் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. என் மனைவி இரண்டு வருடம் பாலூட்டினார். பெண்ணின் மார்பில் பால் இல்லாமல் இருந்ததில்லை. ஆணின் தலையில் தான் அறிவு இல்லாமல் இருந்தது என்பதை அன்று தான் உணர்ந்தேன்.

நீங்கள் என்னைப் போல் இரண்டாவது பிள்ளை வரை காத்திருக்காதீர்கள்!